செயற்கை எலும்பும் அதில் சேர்க்கும் வெள்ளியும்: சூளையில் நடப்பது என்ன?



ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த மருத்துவ உதவிக் குழுக் கூட்டத்துக்கு ஒரு மனு வந்தது. பட்டுத்தறியில் உட்காரும் ஒரு சகோதரரின் மகனுக்காக. பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது விபத்து. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. நொறுங்கிய சில துண்டுகளை முதல் ஆபரேஷனிலேயே எடுத்துவிட்டார்கள். பிறகு சீழ் பிடித்து, மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள். காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி மாதக்கணக்கில் படுக்கை. இப்போது எலும்பில் விழுந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட்டில், மற்ற செலவுகளோடு, "செயற்கை எலும்புக் குருணை" என்று ஒரு வரி, 18,000 ரூபாய்.

குழுவில் பேச்சு எழுந்தது. உப்பு மாதிரி ஒரு பாக்கெட் தூளுக்கு இவ்வளவா என்றார் ஒருவர். அது எந்தப் பிராணியின் எலும்பு என்று தெரியாமல் ஜகாத் பணத்திலிருந்து எப்படிக் கொடுப்பது என்றார் இன்னொருவர். விசாரித்துவிட்டுக் கொடுப்போம் என்று ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னது நான்தான். வெளியே காத்திருந்த தகப்பனாரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "செக்ரட்டரி பாய், டாக்டர் பேசும்போது இப்பல்லாம் வெள்ளி கலந்த எலும்பும் வருதுன்னு சொன்னாரு. வெள்ளியை நாங்க புடவையிலதான் போடுவோம். எலும்புல எதுக்கு பாய்?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். கல்லூரியில் வேதியியல் படித்தவன் நான் என்பதை ஊரில் பலர் மறந்துவிட்டார்கள், நானும்தான். அந்த ஒரு வாரத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடமும், ஓய்வுபெற்ற என் பேராசிரியரிடமும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே வரியோடு இன்னும் மனுக்கள் வரும்.

நம் எலும்பில், எடைக்கு எடை பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். மீதி கொலாஜன் என்ற புரதமும் தண்ணீரும். அந்தத் தாது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகம். அதை ஒத்த பொருளின் வேதிப்பெயர் ஹைட்ராக்ஸி அபடைட். பெயர்தான் கரடுமுரடு, பல்லின் எனாமலும் பெரும்பாலும் இந்த வகைப் பொருள்தான். இதைச் சோதனைச்சாலையிலும் செய்யலாம். கால்சியம் உப்புக் கரைசலையும் பாஸ்பேட் கரைசலையும் சரியான அளவில் கலந்தால் பால் திரிந்தது போல வெள்ளை வண்டல் இறங்கும். வடிகட்டி உலர்த்தினால் மாவு.

உடைந்த எலும்பின் இடைவெளியை நிரப்ப, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பதைத்தான் இன்றைக்கும் மருத்துவர்கள் முதல் இடத்தில் வைக்கிறார்கள். அதில் உயிரணுக்கள் இருக்கின்றன. ஆனால் இடுப்பு எவ்வளவு தரும்? எடுத்த இடத்தில் தனியாக ஒரு காயம், தனியாக ஒரு வலி. இடைவெளி பெரிதாக இருந்தால் போதாது. அதனால் வேறு பொருளைத் தேடும் வேலை நூற்றாண்டுக்கு மேல் நடக்கிறது. 1892-இலேயே டிரீஸ்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளில் பாரிஸ் சாந்தை வைத்துப் பார்த்தார். 1920-இல் அமெரிக்காவில் ஆல்பீ என்பவர் கால்சியம் பாஸ்பேட்டைப் பயன்படுத்தினார். சுட்ட ஹைட்ராக்ஸி அபடைட் 1970-களுக்குப் பிறகுதான் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தது. நம் நாட்டில் கொல்கத்தாவில் உள்ள மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம், கண் எடுக்கப்பட்டவர்களின் கண்குழியில் வைக்கும் உருண்டையை இதே பொருளில் உருவாக்கியது. இந்தியாவிலேயே செய்த செயற்கை இதய வால்வைத் தந்த திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் இதற்கென்று ஒரு பிரிவு பல ஆண்டுகளாக வேலை செய்கிறது.

மாவை அப்படியே எலும்புக்குள் போட முடியாதா என்று கேட்டேன். பேராசிரியர் சிரித்தார். "பச்சைச் செங்கல்லில் வீடு கட்டுவாயா?" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. மாவை அச்சில் அழுத்தி, உலையில் வைத்துச் சுட வேண்டும். பெரும்பாலும் 1,100 முதல் 1,250 டிகிரி செல்சியஸ் வரை. மாவு உருகுவதில்லை. துகள்கள் தொடும் இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, இடையில் உள்ள காற்று வெளியேறி, மொத்தமும் சுருங்கி இறுகுகிறது. குயவர் சூளையில் மண்பானைக்கு நடப்பதைப் போன்றதுதான். வேகாத பானை தண்ணீரில் கரைவது போல, சூடு போதாத குருணை உடம்பில் சீக்கிரம் உதிர்ந்துவிடும். அதற்காக ஒரேயடியாக இறுகிப் பளிங்குபோல ஆகிவிட்டாலும் பயனில்லை. ரத்தக் குழாய்களும் எலும்பு அணுக்களும் உள்ளே நுழைய ஓட்டைகள் வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை. அந்த ஓட்டைகளை வரவழைக்க ஒரு வழி, நாம் பீரோவில் போடுகிறோமே, பாச்சை உருண்டை, அந்த நாப்தலினைப் பொடித்து மாவோடு கலப்பது. சூட்டில் நாப்தலின் ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும்.

சூடு கூடிப்போனால் வேறு ஆபத்து. 1,300 டிகிரியைத் தாண்டிப் போகப் போக இந்தப் பொருள் தன்னிலை இழந்து வேறு பொருள்களாகப் பிரியத் தொடங்கும். அதில் ஒன்று கால்சியம் ஆக்சைடு. வேறொன்றுமில்லை, சுட்ட சுண்ணாம்பு. மாவிலேயே கால்சியம் அளவுக்கு மேல் இருந்துவிட்டாலும் சுடும்போது இது வரும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொதிக்கும், பொங்கும், வெடிக்கும். உடம்பின் ஈரத்தில் குருணைக்குள் அது சிறிய அளவில் நடந்தாலும் துண்டு விரிசல் விட்டுவிடும். கால்சியமும் பாஸ்பரசும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 1.67 என்று ஒரு எண் இருக்கிறது. அதைத் தாண்டினால் சுண்ணாம்பு.

அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் சுவையானது. சுடும்போது மாவின் ஒரு பகுதி டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறு பொருளாக மாறிவிடுகிறது. இது உடம்பில் மாதக்கணக்கில் கரைந்து, புது எலும்புக்கு இடம் விட்டுப் போகும். ஹைட்ராக்ஸி அபடைட்டோ லேசில் கரையாது, ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒன்று சீக்கிரம் போய்விடுகிறது, மற்றது போகவே மாட்டேன் என்கிறது. இரண்டும் கலந்திருந்தால் மருத்துவருக்கு வேண்டியபடி அமையும். 60-க்கு 40 என்ற கலவை கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. மாவின் விகிதமும் உலையின் சூடும் இந்தப் பங்கீட்டைத் தீர்மானிக்கின்றன. "உப்பு மாதிரி பாக்கெட்" என்று நம் குழுவில் சொன்ன சகோதரர் இதைக் கேட்டுவிட்டு, சரிகையும் பார்வைக்கு நூல் மாதிரிதான் இருக்கிறது என்று தாமே சொன்னார்.

இனி வெள்ளிக்கு வருவோம்.

எலும்பில் சீழ் பிடித்தால் அதை விரட்டுவது கடினம். ரத்தம் ஓடாத எலும்புத் துண்டுக்கு மாத்திரையும் ஊசியும் எட்டுவதில்லை. வெளியிலிருந்து வைக்கும் எந்தப் பொருளின் மேலும் கிருமிகள் பாசி போல ஒட்டி, ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு வாழும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இதில் முக்கியமானது. அந்தப் பையனுக்கு ஒருமுறை சீழ் வந்துவிட்டது. மறுபடி வந்தால் வைத்த குருணை முழுவதையும் எடுத்தாக வேண்டும்; காலுக்கே ஆபத்தாகலாம். வைக்கும் பொருளிலேயே கிருமியைத் தடுக்கும் ஒன்றைச் சேர்த்துவிட்டால் என்ன என்ற எண்ணத்தில்தான் வெள்ளி வந்தது. இது புதிதல்ல. தீக்காயத்துக்கு அரசு மருத்துவமனையில் தடவும் வெள்ளைக் களிம்பில் இருப்பது வெள்ளிச் சேர்மம்தான். வெள்ளியிலிருந்து ஈரத்தில் மெல்ல வெளியேறும் அயனிகள் கிருமியின் உடலைத் துளைத்து அதன் வேலையைக் கெடுக்கின்றன.

வெள்ளிக் கட்டியாக வைத்தால் பயன் குறைவு. அயனி வெளியேறுவது மேற்பரப்பிலிருந்துதான். ஆகவே எவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவு மேற்பரப்பு. ஒரு கிராம் வெள்ளியைக் கம்பியாக இழுத்துத் தட்டினால் எவ்வளவு நீளம் ஓடும் என்று சரிகைக்காரர்களுக்குத் தெரியும். நானோ துகள் அதற்கும் மேலே போகிறது. பட்டுப்புழு விடும் ஒற்றை இழையின் தடிமன் சுமார் 10,000 நானோமீட்டர். அதன் குறுக்கே 10 நானோமீட்டர் வெள்ளித் துகள்களை வரிசையாக அடுக்கினால் ஆயிரம் அடங்கும்.

இங்கேதான் முரண்பாடு. பீங்கானைச் சுட 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளி 962 டிகிரியில் உருகிவிடும். நானோ துகள்கள் அதுவரைகூடப் பொறுப்பதில்லை. 200, 300 டிகிரியிலேயே ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிடும். உருகினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தெருவில் பழைய பட்டுப்புடவைக்குக் காசு கொடுத்து வாங்கிப்போகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள்? கொளுத்திச் சாம்பலாக்கி, மூசையில் போட்டு உருக்குகிறார்கள். முந்தானை முழுக்க, கரை முழுக்கப் பரவிக் கிடந்த வெள்ளி, கடைசியில் ஒரு சின்ன மணியாக மூசையின் அடியில் திரண்டு நிற்கிறது. எடை அதேதான். ஆனால் அது இனிப் புடவை முழுக்க மின்னாது.

செயற்கை எலும்பை வெள்ளியோடு சேர்த்துச் சூளையில் வைத்தால் நடப்பதும் இதே கதை. நுண்ணிய துகளாகப் பரவியிருந்த வெள்ளி அங்கங்கே திரண்டு பெரிய துளிகளாகிவிடுகிறது. அதிக சூட்டில் கொஞ்சம் ஆவியாகவும் போய்விடும். துளி இருக்கும் இடத்தில் வெள்ளி அளவுக்கு மீறி, இல்லாத இடத்தில் கிருமிக்கு வாசல் திறந்து. அளவுக்கு மீறினால் இன்னொரு கெடுதல்: வெள்ளிக்குக் கிருமி, எலும்பு அணு என்ற பாகுபாடு கிடையாது. எலும்பை வளர்க்கும் அணுக்களையும் அது கொன்றுவிடும். மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்ற கோடு இங்கே மெல்லியது. உலையின் சூடும் நேரமும் அந்தக் கோட்டை இடம் மாற்றிவிடுகின்றன.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் பல வழிகளில் முயல்கிறார்கள். முதலில் பீங்கானை நன்றாகச் சுட்டுவிட்டு, ஆறிய பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மிதமான சூட்டில் மறுபடி வைப்பது ஒன்று. துணி நெய்தபின் சாயம் தோய்ப்பது போல. இன்னொன்று, வெள்ளியைத் துகளாகக் கலக்காமல், மாவு வண்டலாக இறங்கும்போதே படிகத்துக்குள் சில கால்சியம் அணுக்களின் இடத்தில் வெள்ளி அணுக்களை உட்கார வைப்பது. இது நூலிலேயே சாயம் ஏற்றி நெய்வது. ஆனால் வெள்ளி அயனி கால்சியம் அயனியைவிடப் பருமன் ஆனது, அந்த நாற்காலி அதற்குக் கொஞ்சம் நெருக்கம். சிறிதளவுதான் உட்காரும். மேலும் சூடேற்றினால் படிகத்தைவிட்டு வெளியேறி மறுபடி உலோக வெள்ளியாகத் திரளும். மூன்றாவது வழி நேரத்தைக் குறைப்பது. மைக்ரோவேவ் போன்ற முறைகளில் விரைவாகச் சூடேற்றி முடித்துவிட்டால் வெள்ளி நகர்ந்து திரள அவகாசம் இருக்காது.

மைக்ரோவேவ் என்றதும் நம் பக்கத்து ஊர் வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி.எஸ்.சம்பத்குமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் மைக்ரோவேவ் முறையில் வெள்ளி ஏற்றிய நானோ ஹைட்ராக்ஸி அபடைட்டைத் தயாரித்து, ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ-கோலை ஆகிய இரண்டு கிருமிகளிடமும், எலும்பு அணுக்களிடமும் சோதித்து, 2007-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். குறைந்த அளவு வெள்ளியிலேயே கிருமிகள் அடங்கின. அதே ஆண்டில் அதே குழுவினர் வீணாகும் முட்டை ஓட்டிலிருந்து இந்த எலும்புப் பொருளைச் செய்யும் முறையையும் வெளியிட்டிருக்கிறார்கள். பிரியாணிக் கடை முட்டை ஓடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அது நினைவுக்கு வருகிறது.

சோதனைச்சாலையிலிருந்து நோயாளிவரை வந்த உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. சாகா பல்கலைக்கழகமும் கியோசெரா நிறுவனமும் சேர்ந்து, வெள்ளி கலந்த ஹைட்ராக்ஸி அபடைட் தூளைத் தீச்சுவாலை வழியாகப் பாய்ச்சி, செயற்கை இடுப்பு மூட்டின் மேல் பூச்சாகப் படியவைத்தார்கள். 2016-இல் அது அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. தூள் சுவாலைக்குள் இருப்பது கணநேரம்தான். சூடு மிக அதிகம், அவகாசம் மிகக் குறைவு. மேலே சொன்ன மூன்றாவது வழியின் தத்துவம் இதிலும் இருக்கிறது. ஆனால் அது மூட்டின் மேல் பூசுவது. எலும்பு இடைவெளியை நிரப்பும் குருணையில் வெள்ளி சேர்ப்பது பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆகவே யாராவது "வெள்ளி கலந்தது, அதனால் விலை கூட" என்று சொன்னால், உறையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

குழுவில் எழுந்த அடுத்த கேள்வி, எந்தப் பிராணி என்பது. சந்தையில் உள்ளவற்றில் சில முழுக்க வேதிப்பொருள்களிலிருந்து செய்தவை. சில மாட்டெலும்பைச் சுத்தம் செய்து, சூடேற்றி எடுத்தவை. அதிலும் குறைந்த சூட்டில் பதப்படுத்துவதும் உண்டு, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு எல்லாப் புரதத்தையும் எரித்துவிடுவதும் உண்டு. பல் மருத்துவத்தில் பன்றியிலிருந்து எடுத்த எலும்புப் பொருளும் கொலாஜன் சவ்வும் புழக்கத்தில் இருக்கின்றன. பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எலும்பை நஜீஸான எலும்பால் ஒட்டவைத்தவரின் தொழுகை பற்றிய மஸ்அலாவை மதரஸாவில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஓதியபோது, இப்படியெல்லாமா கேள்வி வரும் என்று நாங்கள் பிள்ளைகள் எங்களுக்குள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய கேள்வி நம் அலுவலக மேஜைக்கு எஸ்டிமேட் வடிவில் வந்து நின்றது. தூய்மையான பொருள் கிடைக்காத நிர்ப்பந்தத்தில் செய்தவருக்குச் சலுகை உண்டு என்பது அங்கே பேசப்படுகிறது. செத்த பிராணியின் எலும்பு விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் கருத்து ஒன்றல்ல. நெருப்பில் எரிந்து தன்மை மாறிய பொருளின் சட்டமும் அப்படியே. இஸ்திஹாலா என்ற தலைப்பில் அது விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. நம் ஊரில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கும்போது "எலும்பு வைக்கிறார்கள்" என்று மொட்டையாகச் சொல்லாமல், எதிலிருந்து செய்தது, முழுக்கச் சுட்டதா, மாற்று கிடைக்கிறதா என்ற மூன்று விவரங்களோடு போங்கள். அவருக்கும் பதில் சொல்ல வசதி.

அந்த விவரங்கள் எங்கே கிடைக்கும்? உறையில்தான். 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டில் என்ன பொருள், எதிலிருந்து செய்தது என்ற விவரம் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே கேட்டால் மருத்துவர்கள் காட்டுகிறார்கள். முடிந்த பிறகு கேட்டால் உறை குப்பைக்குப் போயிருக்கும்.

நாங்கள் கேட்டோம். பையனுக்காக எழுதியிருந்த குருணையில் வெள்ளி இல்லை. பிராணியும் இல்லை. முழுக்கச் செயற்கை, ஹைட்ராக்ஸி அபடைட்டும் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செலவு அடங்கிவிட்டது. குருணைக்கும் மருந்துக்கும் மட்டும் அறக்கட்டளை கொடுத்தது. ஆபரேஷன் ஒரு வாரம் தாமதம், அது என்னால். மருத்துவர் பெரிய கெடுதல் இல்லை என்றார். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை.

பெருநாளுக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் குருணைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தனித்தனியே தெரிகின்றன. அவற்றின் ஓரங்கள் மங்கத் தொடங்கினால் எலும்பு உள்ளே புகுந்து வளர்கிறது என்று அர்த்தமாம். அடுத்த எக்ஸ்ரே ஆறு வாரம் கழித்து. சீழ் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பையன் கட்டிலில் உட்கார்ந்தபடி அத்தாவுக்குச் சரிகைக் கண்டு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக் கேள்விக்கான பதிலை அவர்களிடம் சொன்னேன். பழைய புடவை கொளுத்தும் உதாரணத்தைச் சொன்னதும் தகப்பனார் உடனே, "அப்ப நெருப்பை அடக்கி வைக்கணும், அதானே பாய்?" என்றார்.

எலும்பு ஆபரேஷனுக்கு உதவி கோரும் சகோதரர்கள் இனி மனுவோடு எஸ்டிமேட், காப்பீட்டு அட்டை நகல், வைக்கப்போகும் பொருளின் உறையின் போட்டோ நகல் ஆகிய மூன்றையும் இணைக்கவும். உறை கிடைக்காவிட்டால் பொருளின் பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கி வந்தாலும் போதும். விவரம் கேட்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்காக மனுவைத் தள்ளிவைக்க மாட்டோம். அலுவலகம் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு இஷா வரை திறந்திருக்கும்.